துரத்துவதா, பேசி அனுப்புவதா, பொறுத்துப் பார்ப்பதா? தடுமாறும் கிளப்பின் முன் நான்கு வழிகள்

'பரஸ்பர சம்மதம்' என்ற சொல்லை நம்மில் பலர் முதலில் கேட்டது விவாகரத்துச் செய்திகளில்தான். இப்போது கால்பந்துச் செய்திகளிலும் அதே சொல். கிளப்பும் பயிற்சியாளரும் பரஸ்பர ஒப்புதலோடு பிரிகிறார்கள், அவர் செய்த பணிக்கு நன்றி, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். மூன்று வரி. ஏன் பிரிந்தார்கள் என்று மட்டும் இருக்காது.

2025 ஜூலையில் சென்னையின் எஃப்.சி.யும் அதன் பயிற்சியாளர் ஓவன் கோய்லும் இப்படிப் பிரிந்தபோது என் நண்பர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் வந்தன. "தூக்கிட்டாங்களா, அவரே போயிட்டாரா?" என்பது ஒன்று. "இதை சீசன் நடுவிலேயே செஞ்சிருக்கலாமே?" என்பது இன்னொன்று. 2024-25 ஐ.எஸ்.எல்.லில் (இந்தியன் சூப்பர் லீக்) அணி 11வது இடத்தில் முடித்திருந்தது, அதனால் இரண்டாவது கேள்வியில் நியாயம் இருந்தது. முதல் கேள்வி வம்பு. இரண்டாவதுதான் எந்தக் கிளப் நிர்வாகமும் தூக்கமில்லாமல் யோசிக்கிற விஷயம். அதற்காகத்தான் இந்த ஒப்பீடு.

தடுமாறும் கிளப்புக்கு வழிகள் நான்கு: பதவி நீக்கம், பரஸ்பர ஒப்புதல், பயிற்சியாளரே ராஜினாமா செய்வது, அப்படியே வைத்துக்கொண்டு பொறுத்துப் பார்ப்பது.

## எதை வைத்து அளப்பது?

முதலில் பணம். பயிற்சியாளர் வேலை ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து முடிக்கிற வேலை அல்ல. பெரும்பாலும் குறிப்பிட்ட தேதி வரை ஓடுகிற ஒப்பந்தம் அது. நடுவில் கிளப் முறித்தால், மீதிக் காலத்துச் சம்பளத்திலிருந்துதான் நஷ்ட ஈட்டுப் பேச்சே தொடங்கும். வெளிநாட்டுப் பயிற்சியாளர்களுக்கென்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2021 ஜனவரி முதல் தனி விதிகளே வைத்திருக்கிறது. மீதிச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும், அந்தக் காலத்துக்குள் அவர் வேறு வேலையில் சேர்ந்தால் அங்கே வாங்குவதைக் கழித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். 'தோற்றுக்கொண்டே இருக்கிறார்' என்பது ஒப்பந்தத்தை முறிக்க நியாயமான காரணமாக அங்கே செல்லாது. நம் ஊர் ரசிகர்கள் பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்.

இரண்டாவது காலண்டர். இன்னும் எத்தனை ஆட்டம் பாக்கி? வீரர்களை வாங்கும் டிரான்ஸ்ஃபர் விண்டோ அடுத்து எப்போது திறக்கும்? மூன்றாவது, அடுத்தவர் யார் என்று முடிவாகிவிட்டதா. நான்காவது டிரஸ்ஸிங் ரூம்: வீரர்கள் இன்னும் அவர் பேச்சைக் கேட்கிறார்களா. கடைசியாக, நாளைக்கு அவர் முகத்தில் விழிக்க வேண்டியிருக்குமா என்பது. கால்பந்து சின்ன உலகம்.

இந்த ஐந்தையும் நான் ஒரே எடையில் வைக்கவில்லை. காலண்டரும் அடுத்தவரும்தான் என் தராசில் கனமானவை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

| | பதவி நீக்கம் | பரஸ்பர ஒப்புதல் | ராஜினாமா | பொறுத்துப் பார்ப்பது |
|---|---|---|---|---|
| உடனடிச் செலவு | அதிகம், வழக்கும் வரலாம் | பேரம் பேசிக் குறைக்கலாம் | கிளப்புக்குக் குறைவு | இப்போதைக்கு இல்லை |
| வேகம் | ஒரே நாள் | பேச்சு இழுத்தால் நாட்கள் | பயிற்சியாளர் கையில் | கேள்வியே இல்லை |
| மறைவான செலவு | உதவியாளர்கள், வக்கீல் | யாரும் காரணம் சொல்ல வேண்டாம் என்ற வசதி | பின்னால் தீர்ப்பாயம் | கீழ் லீக்குக்கு இறங்குவது |
| உறவு | முறியும் | பெரும்பாலும் மிஞ்சும் | காரணத்தைப் பொறுத்தது | வளரலாம், வெறுப்பாகவும் மாறலாம் |
| எப்போது பொருந்தும் | டிரஸ்ஸிங் ரூம் கைவிட்டபோது | அடுத்தவர் தயாராக இருக்கும்போது | வேலை செய்யவே விடாதபோது | கோளாறு பயிற்சியாளரிடம் இல்லாதபோது |

## பதவி நீக்கம்: வேகம் உண்டு, பில் பின்னால் வரும்

இது வேலை செய்யாது என்று சொல்பவர்கள் இங்கிலாந்துக் கிளப்பான லெஸ்டரை மறந்துவிடுகிறார்கள். 2016இல் அந்த நாட்டின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக் கோப்பையை வென்று தந்த க்ளாடியோ ரனியேரியை, ஒன்பதே மாதத்தில், 2017 பிப்ரவரி 23 அன்று அனுப்பினார்கள். அணி அப்போது தரமிறக்க எல்லைக்கு, அதாவது கீழ் லீக்குக்குத் தள்ளப்படும் இடங்களுக்கு, ஒரே ஒரு புள்ளி மேலே இருந்தது. உலகமே திட்டியது, எனக்கும் அன்று கோபம்தான். ஆனால் உதவியாளராக இருந்த க்ரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார். அணி 12வது இடத்தில் முடித்தது. வீரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் நடுவில் ஏதோ அறுந்துபோயிருந்தது, புதுக் குரல் தேவைப்பட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அதே வைத்தியத்தை பர்ன்லி 2022 ஏப்ரலில் செய்து பார்த்தது. பத்தாண்டு இருந்த ஷான் டைச்சை, எட்டு ஆட்டம் பாக்கி இருக்கும்போது அனுப்பினார்கள். அடுத்தவர் யாரும் தயாராக இல்லை, இளையோர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த மைக் ஜாக்சன் தற்காலிகமாக நின்றார். முதல் நான்கு ஆட்டங்களில் 10 புள்ளி! ஆகா என்றார்கள். அப்புறம் காற்று இறங்கிவிட்டது. கடைசி நாளில் தரமிறங்கினார்கள்.

நம் ஊரிலும் உண்டு. 2022 பிப்ரவரியில் எஃப்.சி. கோவாவிடம் 5-0 என்று வாங்கிய பிறகு சென்னையின் எஃப்.சி. போஜிதார் பாண்டோவிச்சை அனுப்பியது. மீதி ஆட்டங்களை சையத் சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். எட்டாவது இடம். சீசன் முடியப் போகிற நேரத்தில் யார் வந்தாலும் அவ்வளவுதான் செய்ய முடியும்.

பில் விஷயத்துக்கு வருவோம். 2018இல் ஆன்டோனியோ கோன்டேயை செல்சி நீக்கியது. அவரும் விடவில்லை, நஷ்ட ஈட்டுத் தகராறு தீர்ப்பாயம் வரை போனது. அவரையும் அவருடைய குழுவையும் அனுப்பிய வகையில், வக்கீல் செலவு உட்பட, 2.66 கோடி பவுண்ட் என்று கிளப்பின் கணக்கறிக்கையே சொன்னது. அதே 2018 டிசம்பரில் மூரின்யோவையும் உதவியாளர்களையும் அனுப்ப மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 1.96 கோடி பவுண்ட் ஆனது. அதே கிளப் 2024 ஜூலையில் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டி, அக்டோபரில் அவரை அனுப்பி, அவருக்கும் குழுவுக்கும் 1.04 கோடி பவுண்ட் எழுதியது. ஒப்பந்தம் நீட்டுகிற மேசையில் உட்காரும்போதே விலகலின் விலையையும் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

## பரஸ்பர ஒப்புதல்: எல்லாம் காலண்டரில்தான்

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல நேரம் இது மரியாதையாக எழுதப்பட்ட பதவி நீக்கம்தான். ஆனால் உள்ளே ஒரு நிஜமான வியாபாரம் நடக்கிறது. பயிற்சியாளர் கையில் மீதி ஒப்பந்தம் இருக்கிறது, கிளப்புக்கு உடனே இடம் காலியாக வேண்டும். அவர் முழுத் தொகையைக் கேட்கலாம், ஆனால் தவணை தவணையாக, வேறு வேலை கிடைத்தால் கழிவோடுதான் வரும். கிளப் அதைவிடக் குறைவாக, ஆனால் ஒரே தவணையில் தருகிறேன் என்கிறது. 'நீக்கப்பட்டவர்' என்ற முத்திரையும் அவருக்கு இல்லை. இருவருக்கும் விற்க ஏதோ இருக்கிறது, அதனால்தான் ஒப்புதல்.

இது அணியைக் காப்பாற்றுமா? தடுமாறிக்கொண்டிருந்த நான்கு இங்கிலாந்துக் கிளப்புகளைத் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நியூகாசில், 2021 அக்டோபர் 20. சவுதி முதலீட்டு நிதியம் தலைமையிலான குழு கிளப்பை வாங்கி இரண்டே வாரம். எட்டு ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லாத நிலையில் ஸ்டீவ் ப்ரூஸ் பரஸ்பர ஒப்புதலோடு விலகினார். சுமார் 80 லட்சம் பவுண்ட் கொடுத்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. நவம்பரில் எடி ஹவ் வந்தார். அவர் வந்ததும் மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை, முதல் வெற்றி 15வது ஆட்டத்தில்தான். ஆனால் ஜனவரி விண்டோ திறந்தபோது வீரர்களைப் பார்த்து முடித்த பயிற்சியாளர் இருந்தார், செலவழிக்கப் பணமும் இருந்தது. ட்ரிப்பியர், ப்ரூனோ கிமாரயெஸ், டான் பர்ன் வந்தார்கள். 11வது இடம்.

செல்சி, 2015 டிசம்பர் 17. நடப்புச் சாம்பியன், 16 ஆட்டங்களில் 9 தோல்வி, 16வது இடம். மூரின்யோ பரஸ்பர ஒப்புதலோடு போனார். பாதிக்கு மேல் ஆட்டங்கள் பாக்கி, வீட்டுச் சாவி ஏற்கெனவே கையில் இருப்பவரைப் போல கூஸ் ஹிடிங்க் இரண்டாம் முறை தற்காலிகமாக வந்தார். பத்தாவது இடம்.

ஹடர்ஸ்ஃபீல்ட், 2019 ஜனவரி 14. டேவிட் வாக்னர் அந்த ஊரின் செல்லப்பிள்ளை, 2017இல் பிரீமியர் லீக்குக்குக் கூட்டிவந்தவர். 22 ஆட்டங்களில் 11 புள்ளி, கடைசி இடம். அன்பாகத்தான் பிரிந்தார்கள். விண்டோ திறந்துதான் இருந்தது, ஆனால் புதிதாக வந்த யான் சீவெர்ட் வீரர்களின் பெயரை மனப்பாடம் செய்வதற்குள் மூடிவிட்டது. மார்ச் முடிவதற்குள் தரமிறக்கம் உறுதியாகிவிட்டது.

ஷெஃபீல்ட் யுனைடெட், 2021 மார்ச் 13. க்ரிஸ் வைல்டர் உள்ளூர்க்காரர், அந்தக் கிளப்பின் ரசிகர், முந்தைய சீசனில் ஒன்பதாவது இடம் வாங்கித் தந்தவர். 28 ஆட்டங்களில் 14 புள்ளி இருந்தபோது பரஸ்பர ஒப்புதலோடு விலகினார். மறுநாளே லெஸ்டரிடம் 5-0. பால் ஹெக்கிங்பாட்டம் தற்காலிகமாக நின்றார், கடைசி இடத்திலேயே முடிந்தது.

நான்கிலும் காகிதத்தில் எழுதியது ஒரே சொல். காப்பாற்றிய இரண்டும் ஆண்டு முடிவதற்குள் நடந்தவை. ஜனவரி நடுவிலும் மார்ச்சிலும் நடந்தவை இறுதிச் சடங்குகள், கொஞ்சம் மரியாதையான இறுதிச் சடங்குகள். நியூகாசிலிடம் இருந்த பணம் எல்லோரிடமும் இல்லைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பணமும் மார்ச்சில் வந்திருந்தால் ஒரு வீரரைக்கூட வாங்கியிருக்க முடியாது.

நமக்கு நெருக்கமான உதாரணம் இதைவிடத் தெளிவு. 2017-18இல் சென்னையின் எஃப்.சி.க்குக் கோப்பை வாங்கித் தந்தவர் ஜான் க்ரெகரி. அடுத்த சீசன் கடைசி இடம். அதற்கடுத்த 2019-20 தொடக்கத்தில் ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி. நவம்பர் 30 அன்று பரஸ்பர ஒப்புதலோடு பிரிந்தார்கள். நான்கே நாளில் கோய்ல் வந்துவிட்டார், அது அவருடைய முதல் வருகை. வீரர்கள் மாறவில்லை: அதே வல்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ. ஆனால் அணி நான்காவது இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை மொத்தம் 6-5 என்று தாண்டி, ஆளில்லாத ஃபடோர்டா மைதானத்தில் ஏ.டி.கே.யுடன் இறுதிப் போட்டி வரை போனது. 3-1 என்று தோற்றது, அது வேறு கதை. வல்ஸ்கிஸ் 15 கோல் அடித்து, அதிக கோலுக்கான தங்கக் காலணி வாங்கினார். ஆறாவது ஆட்டத்துக்குப் பிறகு பிரிந்தார்கள், கையில் ஆள் இருந்தது. அவ்வளவுதான் சூட்சுமம்.

இதன் எதிர்ப்பக்கம் டாட்டன்ஹாம். அவர்கள் தடுமாறும் கிளப் அல்ல, 2023 மார்ச் 26 அன்று கோன்டே பரஸ்பர ஒப்புதலோடு போனபோது நான்காவது இடத்தில் இருந்தார்கள். ஆனால் அடுத்தவர் இல்லை. உதவியாளர் ஸ்டெல்லினியிடம் கொடுத்தார்கள், நியூகாசிலில் 6-1 தோல்வி, அவரும் போனார், ரயன் மேசன் வந்தார். எட்டாவது இடம், ஐரோப்பியப் போட்டிகளே இல்லை. ஒப்பந்தம் எப்படியும் ஜூனில் முடிவதாக இருந்தது!

மறைவான செலவு ஒன்று உண்டு, கணக்கறிக்கையில் வராது. பதவி நீக்கம் என்றால் நிர்வாகம் நாலு பேர் முன் நின்று காரணம் சொல்லியாக வேண்டும். பரஸ்பர ஒப்புதலில் இருவருமே வாய் திறக்க மாட்டோம் என்று எழுதிக்கொள்கிறார்கள். தப்பு பயிற்சியாளரிடமா, வீரர்களை வாங்கியவரிடமா, பட்ஜெட்டிலா என்ற விசாரணையே நடக்காமல் போகிறது. அடுத்தவரும் அதே நாற்காலியில், அதே ஓட்டையோடு உட்காருகிறார்.

இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் கையெழுத்துக்கு முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். தொகை ஒரே தவணையா, பல தவணையா? அடுத்த வேலை கிடைத்தால் கழிவு உண்டா? வெளிநாட்டவர் என்றால் பேசிய தொகை வரி பிடித்த பிறகா, முன்பா, வீட்டு வாடகையும் விமானச் சீட்டும் யார் தலையில்? முக்கியமாக, அவர் கூட்டி வந்த உதவியாளர்கள் என்ன ஆகிறார்கள்? நான் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கிளப்பில் தலைமைப் பயிற்சியாளரோடு கைகுலுக்கி, போட்டோ எடுத்து, எல்லாம் முடிந்தது என்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில் கோல்கீப்பர் பயிற்சியாளர் வழக்கம்போல் மைதானத்துக்கு வந்து கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஒப்பந்தம் தனி என்பது யாருக்கும் ஞாபகமே வரவில்லை. மூன்று மாதச் சம்பளம்.

## ராஜினாமா: பயிற்சியாளருக்குத்தான் நஷ்டம், பெரும்பாலும்

கிளப் பக்கமிருந்து பார்த்தால் மலிவான வழி. அதனாலேயே யாரும் எளிதில் எழுதித் தர மாட்டார்கள். மீதிச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போக வேண்டுமே.

இரண்டு நிலைமைகளில் பயிற்சியாளருக்கு இது சரியான வழி. ஒன்று, சம்பளம் வரவில்லை என்றால். ஃபிஃபா விதிப்படி குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்து, எழுத்தில் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுத்தும் வரவில்லை என்றால், நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடித்து நஷ்ட ஈடும் கேட்கலாம். இன்னொன்று, வேலை செய்யவே விடாவிட்டால். 2008 செப்டம்பரில் கெவின் கீகன் நியூகாசிலை விட்டு வெளியேறினார். வீரர்களை வாங்குவதில் கடைசி வார்த்தை தனக்கு என்று சொல்லியிருந்தும், தான் விரும்பாத ஒருவரைத் தலையில் கட்டினார்கள் என்பது அவர் குறை. 2009 அக்டோபரில் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்று 20 லட்சம் பவுண்டும் வட்டியும் தரச் சொன்னது. நடுவில் கிளப் தரமிறங்கியிருந்தது. அவர் கேட்டது இதைவிடப் பல மடங்கு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கோபத்தில் எழுதித் தராதீர்கள் என்பதுதான் பயிற்சியாளர்களுக்கு நான் சொல்வது. முதலில் ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் போங்கள்.

## பொறுத்துப் பார்ப்பது: மலிவாகத் தெரியும்

பர்ன்லி 2015இல் தரமிறங்கியபோது டைச்சை வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே இரண்டாம் நிலை லீக்கின் சாம்பியனாகத் திரும்பியது. நார்விச் 2020இல் கடைசி இடத்தில் இறங்கியும் டேனியல் ஃபார்க்கேயை விடவில்லை, அவர்களும் அடுத்த ஆண்டே சாம்பியன். இரண்டு கிளப்பும் ஒன்றைத் தெளிவாகப் பார்த்தன: பிரீமியர் லீக்கில் தோற்றது பணப் பற்றாக்குறை, பயிற்சி அல்ல. இறங்கிய பிறகு அதே பயிற்சி போதும்.

ஆனால் பாதி வழியில் மனம் மாறினால் இதைவிட மோசமான வழி இல்லை. அதே ஃபார்க்கேயை நார்விச் 2021 நவம்பரில் அனுப்பியது, அதுவும் அந்த சீசனின் முதல் லீக் வெற்றி கிடைத்த அன்றே. மறுபடியும் இறங்கினார்கள். இத்தாலியில் இந்த ஊசலாட்டம் கலையாகவே வளர்ந்திருக்கிறது. நீக்கப்பட்டவர் சம்பளப் பட்டியலிலேயே இருப்பதால் திரும்பக் கூப்பிடுவது சுலபம். 2023 ஜனவரியில் அடலான்டாவிடம் 8-2 என்று தோற்றதும் சலெர்னிடானா டாவிடே நிக்கோலாவை அனுப்பியது, இரண்டு நாளில் திரும்ப எடுத்தது, பிப்ரவரியில் மறுபடி அனுப்பியது. சிரிக்கலாம், ஆனால் அவருக்குப் பின் வந்த பாவ்லோ சோசாவோடு அந்த அணி தப்பித்துவிட்டது.

இந்தியாவில் பொறுத்துப் பார்ப்பது இன்னும் மலிவாக இருந்தது, ஏனென்றால் 2024-25 வரை ஐ.எஸ்.எல்.லில் தரமிறக்கம் நடைமுறைக்கே வரவில்லை. கடைசி இடமானாலும் அடுத்த ஆண்டு அதே லீக்தான். கோய்லைப் பற்றிய இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. நடுவில் முறித்து மீதிச் சம்பளம் கொடுக்கும் அவசரம் எந்தக் கிளப்புக்கும் இருக்கவில்லை. ரசிகருக்கு மட்டும்தான் அவசரம்.

## எந்த நிலைமைக்கு எது?

சீசனில் கால்வாசிகூட ஆகவில்லை, வர ஒருவர் சம்மதித்துவிட்டார், இருப்பவர் மேல் மரியாதையும் இருக்கிறது என்றால் பரஸ்பர ஒப்புதல். யோசிக்கவே வேண்டாம், நான்கு நாளில் முடியுங்கள். வீரர்கள் கைவிட்டுவிட்டார்கள், பயிற்சியாளரோ பேச்சுக்கு வர மறுக்கிறார் என்றால் பதவி நீக்கம், பில்லுக்குத் தயாராக இருந்துகொண்டு. ஏழெட்டு ஆட்டம்தான் பாக்கி, யாரும் கிடைக்கவில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் என் ஓட்டு. பர்ன்லிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

பரஸ்பர ஒப்புதலுக்கும் பதவி நீக்கத்துக்கும் நடுவில் தொகை வித்தியாசம் கொஞ்சம்தான் என்று தெரிந்தால் முதலாவதையே எடுங்கள். ஷெஃபீல்டில் 2021இல் அப்படிப் பிரிந்த வைல்டரை அதே கிளப் 2023 டிசம்பரில் மறுபடி கூப்பிட்டது. தரமிறங்கினார்கள். 2025இல் பிரீமியர் லீக்குக்கு மேலே ஏறும் கடைசி ஆட்டத்தில் சண்டர்லேண்டிடம் தோற்ற பிறகு மீண்டும் விலகினார். புதிதாக வந்த ரூபன் செல்லெஸ் ஆறு ஆட்டத்தில் ஆறும் தோற்க, செப்டம்பரில் தொலைபேசி போன வீடு எது என்று சொல்லவும் வேண்டுமா.